வலக்கை, இடக்கை: யாருக்குச் சொன்னது?

"காணிக்கை கொடுத்தோமா, ஜெபித்தோமா, அதோடு நிற்க வேண்டும். கொடுத்தவர்கள் உள்ளே வந்தால் ஊழியம் கெட்டுவிடும்."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சின்னச் சின்ன டிரஸ்டுகளுக்கு வரவு செலவு எழுதிக் கொடுப்பது என் தொழில். போன மாதம் இதைச் சொன்னவர் ஒரு மாணவர் விடுதியின் பொறுப்பாளர், பெயர் வேண்டாம். மாதம் தவறாமல் பணம் அனுப்பும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "அம்மா, நீங்க ஜெபத்துல தாங்குங்க, அது போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதை என்னிடம் பெருமையாக வேறு சொல்கிறார். அந்த விடுதியில் கணக்கில் தேறாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

நம்பிக்கை: கொடுப்பவர் விலகி நிற்பதே வேதத்தின் முறை.

ஆதாரம் கேட்டால் மத்தேயு 6-ஆம் அதிகாரத்துக்கு ஓடுகிறார்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாதாம். ஐயா, அது கொடுப்பவனுக்குச் சொன்னது. தம்பட்டம் அடிக்காதே என்று சொன்னது. வாங்கியவர் கணக்கை மூடி வைக்கலாம் என்று அதில் எங்கே இருக்கிறது?

பவுலைப் படியுங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையில் காணிக்கை சேர்த்தபோது, அதைக் கொண்டுபோகிறவர்களை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார். இரண்டாம் கடிதத்தின் 8-ஆம் அதிகாரத்தில், இந்தப் பணத்தைப் பற்றி யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்றே கூட ஆள் அனுப்புகிறார். பிலிப்பி சபை என்ன செய்தது? எப்பாப்பிரோதீத்துவின் கையில் காணிக்கையைக் கொடுத்து அனுப்பியது. அவர் ரசீது வாங்கிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. பவுலுக்குப் பணிவிடை செய்து, நோயில் விழுந்து, சாவின் விளிம்புவரை போனார். கொடுத்த சபையின் ஆள் உள்ளே வந்ததால் ஊழியம் கெட்டதா?

நம் மண்ணின் சரித்திரமும் இதையே சொல்கிறது. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் அனுப்பிய செய்திகளை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் 1710 முதல் அச்சிட்டு ஆதரவாளர்களுக்குக் கொடுத்தார்கள். 'பணம் தேவை' என்று நான்கு வரி எழுதிய துண்டுச் சீட்டுகள் அல்ல அவை. 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் கேள்வி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை மொழிபெயர்த்து அந்த வெளியீட்டில் சேர்த்தார்கள். காசு கொடுத்தவர் வீட்டிலிருந்தபடியே தமிழரின் குரலைப் படித்தார். லண்டன் சங்கம் ஒன்று அச்சு இயந்திரம் அனுப்பியது. தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததில் பணத்தோடு அந்தக் கைவேலையும் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் அடி அண்ணாமலைக்குப் பௌர்ணமி இரவில் வந்து பாருங்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்கள், கரண்டியைத் தாங்களே பிடிக்கிறார்கள். 'அரிசி மூட்டையை இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்' என்று சொன்னால் கிளம்புவார்களா? சாம்பார் கொஞ்சம் சிந்தும், வரிசை கொஞ்சம் குலையும். ஆனால் அடுத்த பௌர்ணமிக்கும் அதே வேன் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகச் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் நமக்கு என்ன வெட்கம்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பணம் கொடுத்த தைரியத்தில் சமையல்காரரை மாற்று, வார்டனை மாற்று என்று நாட்டாமை செய்கிறவர்களும் உண்டு. அதைத் தடுக்க நிர்வாகக் குழு இருக்கிறது. நாட்டாமைக்குப் பயந்து கணக்கு டீச்சரை ஏன் துரத்துகிறீர்கள்?

நம்பிக்கை: பங்கெடுப்பதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு.

மிசோரம் சபைகளில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். 1910-இல் தொடங்கிய வழக்கம். இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் ஆகிறது. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டம் சொன்னவர்தான். தினமும் அரிசியைத் தொட்டு எடுக்கிறவர், எதற்காக எடுக்கிறோம் என்பதை மறக்க மாட்டார்.

நம்பிக்கை: வெளிநாட்டுப் பணம் இல்லாமல் ஊழியம் நடக்காது.

1903-இல் திருநெல்வேலிக்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கி, தங்கள் காசில் தங்கள் ஆட்களைத் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற அசரியாவின் பெயரையாவது நினைவில் வையுங்கள்.

நம்பிக்கை: வெளிநாட்டு நண்பர் வந்தால் அப்படியே பிரசங்கத்தில் இறக்கலாம்.

கூடாது. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊழியம் செய்வது சட்டமீறல். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும் 2021 முதல் தனி அனுமதி வேண்டும். அவர் பையிலிருந்து எடுத்து நீட்டும் டாலரையும் வாங்காதீர்கள். அயல்நாட்டு நன்கொடை முதலில் வந்து சேர வேண்டிய இடம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளை.

நம்பிக்கை: பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் அனுப்பினால் நன்கொடையாளர் மனம் ஒட்டிக்கொள்ளும்.

பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் பிள்ளையைத் தட்டேந்தி நிற்க வைத்துப் படம் எடுப்பீர்களா?

படத்துக்குப் பதில் எதை அனுப்புவது என்று கேட்பீர்கள். தபால் கார்டு. சிரிக்காதீர்கள். ஒரு கார்டு 50 காசு. எல்லாருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியைத் தட்டிவிடுவதை நிறுத்திவிட்டு, மாதம் பத்துப் பேருக்குக் கைப்பட எழுதுங்கள். கூரை ஒழுகியதை எழுதுங்கள், போர்வெல் வற்றியதை எழுதுங்கள், போன மாதம் அரிசிக்கு எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். கடைசி வரியில் ஒரு வேலை கேளுங்கள்: தையல் மெஷினைப் பழுது பார்க்கத் தெரியுமா, பல் டாக்டர் யாரையாவது தெரியுமா, ஒரு சனிக்கிழமை வர முடியுமா. வேலை கேட்டால் கோபித்துக்கொண்டு நன்கொடையை நிறுத்தியவர் ஒருவரையும் என் கணக்குப் புத்தகங்களில் நான் பார்த்ததில்லை. இரண்டு வருடமாக ஒரு வரி பதில் வராமல் நிறுத்தியவர்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன்.

விடுதிப் பொறுப்பாளருக்கும் இதையே சொன்னேன். முதல் கார்டை யாருக்கு எழுதுவது என்று கேட்டார்.

வேறு யாருக்கு? காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் போய்ச் சேருகிற மாதிரி எழுதுங்கள்.