தானம் கொடுத்த இடத்தில் கடை கட்டலாமா?

கேள்வி: முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவமனை நடத்துவதற்காக என் பெரியப்பா ஓர் அறக்கட்டளைக்கு நிலம் எழுதிவைத்தார். இப்போது ரோட்டோரமாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடப் பேச்சு நடக்கிறது. “விற்கவில்லையே, குத்தகைதானே” என்கிறார்கள். தடுக்க முடியுமா ஐயா?
— ஓய்வுபெற்ற சுபேதார், குன்றக்குடி

பதில்: முடியும். ‘குத்தகைதானே’ என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் 1888-ல் ஜான் ஜோன்ஸ் என்ற செனட்டரும் அர்காடியா டி பேக்கர் என்ற சீமாட்டியும் ஊனமுற்ற போர்வீரர் இல்லத்துக்காக 300 ஏக்கர் கொடுத்தார்கள். பிற்பாடு அங்கே பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அரங்கமும் வசதியான தனியார் பள்ளியின் விளையாட்டுத் திடலும் வந்தன. எல்லாம் குத்தகைதான். வீடற்ற முன்னாள் வீரர்களோ வேலிக்கு வெளியே நடைபாதையில் கூடாரம் போட்டுப் படுத்தார்கள். 2011-ல் வழக்கு. 2013-ல் ‘குத்தகைகள் செல்லாது’ என்று தீர்ப்பு. 2016-ல் வந்த சட்டம் நிலத்தை விற்கத் தடை போட்டது. வீரர்களுக்குப் பயன்படும் குத்தகைக்கு வழிவிட்டது. அந்த வழியில் நுழைந்த குத்தகைகளை 2024-ல் நீதிபதி டேவிட் கார்ட்டர் மறுபடி ரத்து செய்ய வேண்டியதாயிற்று. (நம் பக்கத்துக் காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரும் 300 ஏக்கர்தான் கொடுத்தார், கூடவே 15 லட்சம் ரூபாய். கொடுத்த நோக்கப்படியே அங்கே இன்றும் மின்வேதியியல் ஆராய்ச்சி நடக்கிறது.)

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப்பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். பட்டா யார் பெயரில் என்பதைவிட, நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பத்திரம் சொல்வதே முக்கியம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பத்திரமாகப் பதிய வேண்டும். 11 மாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் தெரியாது. கடைவரிசைகள் பெரும்பாலும் அப்படித்தான் முளைக்கின்றன.

பொது அறக்கட்டளையாக இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி, அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஒரு விஷயம் கசக்கும்: பத்திரத்தில் நிபந்தனை இல்லாதவரை, நிலம் உங்கள் குடும்பத்துக்குத் திரும்பாது. திருப்பிக் கேட்டால் உங்கள் வழக்குத்தான் பலவீனப்படும். வாரிசாக அல்ல, சிகிச்சை பெறும் உரிமையுள்ள முன்னாள் படைவீரராகப் போங்கள். இன்னொரு படைவீரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டால் எதிர்த்தரப்பு இரண்டாகிவிடும். ஆகவே வழக்கறிஞர் மூலம் ஆட்சேப நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.