டிரை சூட்டுக்கு ஃபின் வாங்கும் முன்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மேலிருந்து தள்ளிவிட்டுப் பழக்கிய நீச்சல் அது. அப்படிப் பழகிய ஒருவர் கனடாவுக்கு வேலைக்குப் போய், டொரன்டோவிலிருந்து நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் டோபர்மோரியில் ஸ்கூபா முழுக்குப் போட ஆசைப்பட்டால், அவருக்காகத்தான் இந்தக் குறிப்பு. 1987-இல் அமைந்த ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல் பூங்கா அங்கே இருக்கிறது. ஹியூரான் ஏரியின் நன்னீரில் இருபதுக்கும் மேற்பட்ட பழைய கப்பல்கள் கிடக்கின்றன. 1884-இல் மூழ்கிய அரேபியா என்ற கப்பல் நூறடிக்கும் கீழே. அந்த ஆழத்தில் நடுக்கோடையிலும் தண்ணீர் நடுங்க வைக்கும். உடம்பில் ஈரம் படாத டிரை சூட்தான் அதற்குச் சரி. அதற்கென்று உள்ள பயிற்சியை முடித்துவிட்டே இறங்க வேண்டும்.

சூட்டுக்கு நிறையச் செலவழித்துவிட்டு, காலில் மாட்டும் துடுப்பான ஃபின் மட்டும் தூத்துக்குடியிலோ புதுச்சேரியிலோ போட்டதே போதும் என்று நினைக்காதீர்கள். வெதுவெதுப்பான கடலில் வெறுங்காலோடு மாட்டும், குதிகால் மூடிய ஃபின்னுக்குள் டிரை சூட்டின் பூட்ஸ் நுழையவே நுழையாது. குதிகால் திறந்து, பின்னால் பட்டை உள்ள ஃபின்தான் வேண்டும்.

கடைக்குப் போகும்போது சூட்டையும், உள்ளே போடும் தடித்த கம்பளிக் காலுறையையும் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் செருப்பு அளவு ஒன்பதா பத்தா என்பது இங்கே உதவாது. சில சூட்டுகளில் பூட்ஸ் ஒட்டியே வரும். சிலவற்றில் சாக்ஸ் மட்டும் இருக்கும், அதன்மேல் தனி பூட்ஸ் போட வேண்டும். இந்த இரண்டாம் வகை இன்னும் பருமன். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஃபின்னை மாட்டி, உட்கார்ந்தபடி காலை ஆட்டிப் பாருங்கள். பாதத்தின் மேற்புறம் அழுந்தினால் ரத்த ஓட்டம் குறைந்து, குளிரில் விரல் மரத்துவிடும். பெரிய அளவு கேளுங்கள். பக்கவாட்டில் ஆடினால் உதைக்கும் பலம் வீணாகும், சின்னது கேளுங்கள்.

அடுத்தது எடை. இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். சூட்டுக்குள் இருக்கும் காற்று உடம்பின் எந்தப் பகுதி மேலே இருக்கிறதோ அங்கே ஓடும். தலை தாழ்ந்தால் காற்று காலுக்குப் போய்விடும். முதுகில் கட்டிய சுரைக்குடுக்கையைக் கணுக்காலில் கட்டினால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். கால் மேலே, தலை கீழே. காற்றை வெளியேற்றும் வால்வு பெரும்பாலும் இடது மேற்கையில் இருப்பதால், காலில் சேர்ந்த காற்று அதன் வழியே போகாது. பூட்ஸ் உப்பி ஃபின் கழன்றுவிடலாம். கட்டுப்பாடில்லாமல் மேலே எழும்பினால் நுரையீரலுக்கே ஆபத்து. உடனே முழங்காலை மடக்கி, உருண்டு நிமிரத் தெரிய வேண்டும். பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள்.

ஆகவே தண்ணீரில் தானாக மூழ்கும் கனமான ரப்பர் ஃபின் நல்லது. பிரான்சின் ஜார்ஜ் பூஷா 1964-இல் கொண்டுவந்த, துவாரம் வைத்த ஜெட்ஃபின் வடிவத்தை டிரை சூட்காரர்கள் இன்றும் விரும்புவது இதனால்தான். ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் ஃபின்னைப் போட்டுப் பாருங்கள். ஏரியும் நன்னீர் என்பதால் இந்தச் சோதனை அப்படியே பொருந்தும். மிதந்தால் வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் கனம்தான் சரி என்றும் சொல்ல மாட்டேன். மெல்லிய துணிச் சூட்டோடு கனத்த பூட்ஸ் போடுபவருக்குக் கால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அவருக்கு நடுத்தர எடை போதும். கணுக்காலில் ஈயக்கட்டி கட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உதைக்கும் அந்தச் சுமையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும்.

இலைப்பகுதி குட்டையாக, அகலமாக, விறைப்பாக இருக்கட்டும். கிணற்றில் கால்களை மேலும் கீழும் அடித்துப் பழகியவர்கள் மூழ்கிய கப்பலருகே அப்படி அடித்தால் வண்டல் கிளம்பிக் கண்ணை மறைக்கும். தவளை நீச்சல் உதைதான் அங்கே உதவும். நடுவில் பிளந்த ஃபின் அதற்கு ஒத்துவராது. விறைப்பில் பேராசை வேண்டாம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உங்கள் காலுக்கு அது அதிகம்.

பட்டைக்கு ஸ்டீல் ஸ்பிரிங் வாங்குங்கள். தடித்த கையுறையோடு, ஆடும் படகில் நின்று பிளாஸ்டிக் கொக்கியை மாட்டுவது பெரும்பாடு. ஸ்பிரிங்கின் பின்னால் விரல் நுழையும் அளவு வளையம் இருக்கிறதா என்று கையுறை போட்டே பாருங்கள்.

வாங்கியதும் நேரே கப்பலுக்குப் போகாதீர்கள். நீச்சல் குளத்தில் முழு உபகரணத்தோடு இறங்கி, நடுநீரில் குப்புறப் படுத்தபடி காலை அசைக்காமல் அரை நிமிடம் இருங்கள். உடன் வருபவர் பக்கவாட்டிலிருந்து பார்க்கட்டும். கால் எழும்பினால் இன்னும் கனமான ஃபின்னும், தாழ்ந்தால் லேசானதும் தேவை. அதனால் பயன்படுத்திப் பார்த்த பிறகும் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.