உங்கள் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்: எச்சரிக்கை விளக்குகளைப் படிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பயப்படுவது எர்ரர் மெசேஜ்களுக்குத்தான். ஸ்கிரீனில் ஒரு கட்டம் தோன்றி, புரியாத எண் ஒன்றைக் காட்டினால், கம்ப்யூட்டரே போய்விட்டதோ என்று கலங்குவார்கள். சில நாட்கள் பழகிய பின்னர், அந்தக் கட்டம் நமக்கு உதவவே வருகிறது என்பது புரியும். வீட்டு வாசலில் நிற்கும் உங்கள் காரும் இதே போல எர்ரர் மெசேஜ் தருகிறது. அதனை உங்கள் லேப்டாப்பிலோ, மொபைல் போனிலோ நீங்களே படிக்கலாம். எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

காரில் கம்ப்யூட்டர் எங்கே?

இன்றைய கார்களில் இஞ்சினைக் கட்டுப்படுத்தத் தனிக் கம்ப்யூட்டர் ஒன்று உள்ளது. இதனை இ.சி.யு. என்பார்கள். உள்ளே வரும் காற்றின் அளவு, கூலன்ட்டின் வெப்பம், புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் போன்ற தகவல்களை சென்சார்கள் இதற்குத் தருகின்றன. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது ஸ்பார்க் தர வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. நம் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் மவுசும் எப்படியோ, அப்படித்தான் இதற்கு சென்சார்கள்.

ஏதேனும் ஓர் அளவு எல்லை மீறினால், இ.சி.யு. அதற்கான எண்ணைத் தன் மெமரியில் எழுதிவைத்து, டேஷ்போர்டில் 'செக் இஞ்சின்' விளக்கை எரியவிடும். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி பிளக், தனித்தனி எண் வைத்திருந்தன. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி.-2 என்ற பொது முறை கட்டாயமானது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் இதன் முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. எனவே உங்கள் பெட்ரோல் அல்லது டீசல் கார் அதற்குப் பின் வந்தது எனில், கீழே சொல்லப்படுபவை பொருந்தும்.

விளக்கின் நிறத்தைப் பாருங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியவுடன் பல விளக்குகள் சேர்ந்து எரியும். இது பழுது அல்ல. கம்ப்யூட்டர் பூட் ஆகும் போது தன்னைத் தானே சோதிப்பது போன்றதுதான். இஞ்சின் ஸ்டார்ட் ஆன பின்பும் அணையாத விளக்கையே கவனிக்க வேண்டும். சிவப்பு எனில் உடனே பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். மஞ்சள் எனில் விரைவில் பார்க்க வேண்டும்.

1. எண்ணெய்க் கேன் படம், சிவப்பு: ஆயில் பிரஷர் குறைந்துவிட்டது. இஞ்சினை உடனே நிறுத்துங்கள். "பெட்ரோல் பங்க் பக்கத்தில்தான்" என்று ஓட்டிச் சென்றால், அந்தச் சில நிமிடங்களில் பேரிங்குகள் தேய்ந்து இஞ்சினே பிடித்துக் கொள்ளலாம்.

2. தெர்மாமீட்டர் படம், சிவப்பு: இஞ்சின் அதிகச் சூடாகிவிட்டது. நிறுத்தி, நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். சூடாக இருக்கும் போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு அடிக்கும்.

3. பேட்டரி படம், சிவப்பு: பெரும்பாலும் பேட்டரியின் குறை அல்ல. ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ சார்ஜ் தரவில்லை என்று பொருள்.

4. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பு: முதலில் ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஓட்ட வேண்டாம்.

5. செக் இஞ்சின், மஞ்சள்: தொடர்ந்து எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். விட்டு விட்டு மின்னினால் இஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது. அது புகைக் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் நிறுத்துங்கள்.

கம்ப்யூட்டரில் இணைப்பது எப்படி?

ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். இதில் செருக இ.எல்.எம்.327 வகை அடாப்டர் ஒன்று தேவை. யு.எஸ்.பி., புளுடூத், வை-ஃபை என மூன்று வகைகளில் இது கிடைக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வை-ஃபை வகையையோ, ஐபோனில் இயங்கும் என்று குறிப்பிட்டுள்ள புளுடூத் வகையையோ கேட்டு வாங்கவும். பழைய புளுடூத் அடாப்டர்கள் அதில் இயங்காது.

விண்டோஸ் லேப்டாப்பில் புளுடூத் வகையை இணைக்கும் வழி இதோ:

1. காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அடாப்டரைச் செருகுங்கள். சாவியை ஆன் நிலையில் வையுங்கள்.

2. விண்டோஸ் செட்டிங்ஸில் புளுடூத் பிரிவு சென்று அடாப்டரைத் தேடி இணையுங்கள். பாஸ்வேர்டாக 1234 அல்லது 0000 கொடுத்துப் பாருங்கள்.

3. இப்போது விண்டோஸ் இதற்கென காம் போர்ட் ஒன்றை உருவாக்கியிருக்கும். அதன் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டு போர்ட்கள் இருந்தால் 'அவுட்கோயிங்' என்று உள்ளதைத் தேர்ந்தெடுக்கவும்.

4. ஓ.பி.டி. ஆட்டோ டாக்டர் போன்ற புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்து, அந்தப் போர்ட்டைக் கொடுத்து, கனெக்ட் பட்டனை கிளிக் செய்திடவும். மொபைல் போனுக்கும் இது போன்ற புரோகிராம்கள் உண்டு.

எண் சொல்வதும் சொல்லாததும்

உதாரணமாக, பி0301 என்று வருகிறது எனக் கொள்வோம். முதல் எழுத்து 'பவர்ட்ரெயின்', அதாவது இஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கும். அடுத்துள்ள 0, இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண் என்கிறது. 3 என்பது இக்னிஷன் பிரிவு. 01 என்பது முதல் சிலிண்டர். முதல் சிலிண்டரில் எரிதல் சரியாக நடக்கவில்லை என்பதே செய்தி. காரணம் ஸ்பார்க் பிளக்கா, இக்னிஷன் காயிலா, இஞ்செக்டரா என்பதை எண் சொல்லாது. இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

என் மாமாவின் பெட்ரோல் காரில் பி0171 வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று இதற்குப் பொருள். ஒர்க்ஷாப் ஒன்றில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். நான் அடாப்டரை இணைத்து, 'ப்யூவல் ட்ரிம்' என்ற நேரடி அளவைப் பார்த்தேன். வழக்கமான கணக்கைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக இ.சி.யு. பெட்ரோல் தருகிறது என்பதை இது காட்டும். வண்டி ஐடிலில் நிற்கும் போது 20-க்கு மேல் இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டு போனதும் 5-க்கு இறங்கியது. சென்சார் பழுது என்றால் இப்படி மாறக் காரணமில்லை. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிய பின் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைந்தால்தான், ஐடிலில் பாதிப்பு பெரிதாகவும், வேகத்தில் சிறிதாகவும் தெரியும். தேடியதில் ஒரு சிறிய ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தது. குழாயை மாற்றியதும் விளக்கு அணைந்தது. ஆக்சிஜன் சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

ஆகவே, எண்ணைக் கண்டவுடன் உதிரி பாகம் வாங்காதீர்கள். "எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

அழிக்கும் முன்

புரோகிராமில் எண்ணை அழிக்கும் 'கிளியர்' பட்டன் இருக்கும். இதனை அழுத்தினால் விளக்கு அணையும். பழுது அப்படியே இருக்கும். மேலும், பழுது தோன்றிய நேரத்தில் இருந்த வேகம், வெப்பம் போன்றவற்றை இ.சி.யு. 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கும். அதுவும் அழிந்துவிடும். எனவே முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடவும். பல நாட்கள் செருகியே வைத்தால் பேட்டரி இறங்கலாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதவை

எல்லாவற்றுக்கும் சென்சார் கிடையாது. பிரேக் அழுத்தும் போது கிரீச்சென்ற சத்தம் வந்தால் பேட் தேய்ந்திருக்கலாம். இனிப்பான வாசனை வந்தால் கூலன்ட் கசிகிறது. நீல நிறப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். காரின் அடியில் சொட்டுவது நிறமற்ற தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏ.சி.யிலிருந்து வருவது, கவலை வேண்டாம்.

கடைசியாக ஒரு யோசனை. கார் நன்றாக ஓடும் போதே ஒரு முறை இணைத்து, ஐடிலில் கூலன்ட் வெப்பம், பேட்டரி வோல்டேஜ், ப்யூவல் ட்ரிம் ஆகிய மூன்றையும் எக்ஸெல் ஷீட் ஒன்றில் தேதியுடன் எழுதி வையுங்கள். மாதம் ஒரு வரி போதும். இஞ்சின் ஓடும் போது வோல்டேஜ் பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்கும். உங்கள் காரின் வழக்கமான அளவு எது என்று தெரிந்திருந்தால், அது மாறத் தொடங்கும் போது விளக்கு எரியும் முன்பே நீங்கள் கவனித்துவிடலாம்.