பாப்-அப் விளம்பரம் வெறும் தொல்லை இல்லை, உங்க சம்பளக் கணக்குக்கே வலை! 10 நிமிஷத்தில் நிறுத்துவது எப்படி?



இந்த முறை எஸ்ஐபி இல்லை, டாக்ஸ் இல்லை. ஆனா காசு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

ரிட்டர்ன் ஃபைல் பண்ற நேரம். ஒரு பிடிஎஃப் ஃபைலை மாற்றுவதற்காக, தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு இலவச தளத்தைத் திறந்தேன். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் 'அலோ' அழுத்துங்கள்" என்று ஒரு பெட்டி வந்தது. அவசரத்தில் அழுத்திட்டேன். மறுநாள் காலையிலிருந்து போனில் வரிசையாக: "உங்கள் பான் கார்டு இன்று முடக்கப்படும்", "ரூ.2 லட்சம் லோன் தயார்", "உங்கள் போனில் 5 வைரஸ்".

க்ரோமில் பாப்-அப் பிளாக் ஆனில்தான் இருந்தது. அப்புறம் எப்படி வருது?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். நாம எல்லாவற்றையும் 'பாப்-அப்' என்று சொல்கிறோம். ஆனால் அது மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேற. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் வேலை செய்யாது.

வகை 1: நீங்களே அனுமதி கொடுத்த நோட்டிஃபிகேஷன்

எப்படிக் கண்டுபிடிப்பது? பிரவுசரைத் திறக்காமலேயே, வாட்ஸ்அப் மெசேஜ் வருகிற அதே இடத்தில் வரும். பக்கத்தில் க்ரோம் லோகோவும், அடியில் ஏதோ பேர் தெரியாத தள முகவரியும் இருக்கும். எனக்கு வந்தது இதுதான். பாப்-அப் பிளாக்கர் இதைத் தடுக்காது, ஏனென்றால் இது பாப்-அப்பே இல்லை. நாம 'அலோ' கொடுத்துச் சேர்ந்த சந்தா.

• ஆண்ட்ராய்டு: க்ரோமில் மூன்று புள்ளி → செட்டிங்ஸ் → சைட் செட்டிங்ஸ் → நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத ஒவ்வொன்றையும் பிளாக் பண்ணுங்க.
• லேப்டாப்: செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → சைட் செட்டிங்ஸ் → நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கேயே, எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்று வைத்துவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மனதில் வையுங்க. உண்மையான 'ரோபோ இல்லை' சோதனை படத்தைத் தேர்வு செய்யச் சொல்லும், கட்டத்தில் டிக் போடச் சொல்லும். நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்காது.

வகை 2: தானாகத் திறக்கும் புது டேப்

ஒரு இடத்தைத் தொட்டால் வேற பக்கம் திறக்கும். இலவசப் படம், கிரிக்கெட் லைவ் காட்டும் தளங்களில் இது அதிகம். அதே சைட் செட்டிங்ஸில் 'பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' பிளாக்கில் இருக்கிறதா பாருங்க. ஐபோனில் சஃபாரி செட்டிங்ஸில் 'பிளாக் பாப்-அப்ஸ்' ஆனில் இருக்கணும்.

சில வங்கிகளின் நெட்பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட் புது விண்டோவில்தான் திறக்கும். அது திறக்கவில்லை என்பதற்காக மொத்த பிளாக்கையும் ஆஃப் பண்ணிடாதீங்க. அந்த வங்கித் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

"வைரஸ் இருக்கு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று திரையை முழுசாக மறைக்கும் பக்கம் வந்தால் பயப்படாதீங்க. ஒரு இணையப் பக்கத்தால் உங்க போனையோ லேப்டாப்பையோ ஸ்கேன் பண்ணவே முடியாது. அதில் இருக்கும் 'குளோஸ்' பட்டனைத் தொடாமல் டேப்பையே மூடுங்க. லேப்டாப்பில் மூட விடவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை நிறுத்துங்க.

வகை 3: பிரவுசருக்குச் சம்பந்தமே இல்லாதது

ஹோம் ஸ்கிரீனில் சும்மா இருக்கும்போதே முழுத்திரை விளம்பரம் வந்தால், குற்றவாளி ஏதோ ஒரு ஆப். விளம்பரம் வந்ததும் ரீசன்ட் ஆப்ஸ் பட்டனை அழுத்துங்க, எந்த ஆப் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால், செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்' என்று தேடி, யாருக்கெல்லாம் அந்த அனுமதி இருக்கிறது என்று பாருங்க. டார்ச், கிளீனர், வால்பேப்பர் மாதிரி ஆப்புக்கு அது எதற்கு? தூக்கிடுங்க.

ஆட் பிளாக்கர் போடலாமா?

போடலாம், ஆனால் பார்த்து. ஆட் பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் என்பது நீங்க திறக்கிற பக்கங்களைப் படிக்கும் அனுமதி பெற்ற ஒன்று. அதில் உங்க நெட்பேங்கிங் பக்கமும் அடக்கம். பேர் தெரியாததைப் போடுவது, திருடனுக்குப் பயந்து வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பது மாதிரி. லேப்டாப் க்ரோமில் 'யூபிளாக் ஆரிஜின் லைட்', ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் 'யூபிளாக் ஆரிஜின்' இரண்டும் இலவசம். பிரேவ் பிரவுசரில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி டீமைக் கேட்டுவிட்டுப் போடுங்க.

ஏற்கெனவே கிளிக் பண்ணிட்டீங்களா?

வெறும் கிளிக் என்றால் பதறத் தேவையில்லை. டேப்பை மூடி, டவுன்லோட் ஆனது எதையும் திறக்காமல் அழித்துவிடுங்க. கார்டு விவரம், ஓடிபி, யூபிஐ பின் கொடுத்திருந்தால் கதை வேற.

1. உடனே வங்கியின் அதிகாரப்பூர்வ எண்ணுக்குக் கூப்பிட்டு கார்டையும் யூபிஐயையும் பிளாக் பண்ணுங்க. எண்ணை கூகுளில் தேடாதீங்க. கார்டின் பின்பக்கம் இருக்கும்.
2. பணம் போயிருந்தால் 1930-க்குக் கூப்பிடுங்க. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்க.
3. அவங்க சொல்லி ஸ்கிரீனைப் பகிரும் ஆப் ஏதாவது போட்டிருந்தால், முதலில் இன்டர்நெட்டை ஆஃப் பண்ணிவிட்டு அதை நீக்குங்க.

ஏன் இவ்வளவு அவசரம்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையைப் பாருங்க. உங்க தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறு யாரோ பணத்தை எடுத்து, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்க புகார் செய்தால், உங்களுக்கு இழப்பு இல்லை என்று அது சொன்னது. ஆனால் ஓடிபி, பின் போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் உங்க தலையில். சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அதனால் "நானா கொடுத்தேன், வெட்கமா இருக்கு" என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் உங்க காசு.

இன்றைய ஹோம்வொர்க்

இதைப் படித்து முடித்ததும் நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்து, எத்தனை தளங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கீங்க என்று எண்ணிப் பாருங்க. என்னிடம் 14 இருந்தது. ஒன்றைத் தவிர மற்றது எதையும் எனக்கு ஞாபகமே இல்லை. அப்படியே அப்பா, அம்மா போனையும் வாங்கிப் பாருங்க. "பென்ஷன் நின்றுவிடும்" என்று ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால், நம்மை விட அவங்கதான் முதலில் பயப்படுவாங்க.

ஸ்கிரீன் ரெக்கார்டிங்கோடு ஒவ்வொரு ஸ்டெப்பையும் நம்ம சேனல் வீடியோவில் காட்டியிருக்கேன். உங்க பட்டியலில் எத்தனை இருந்தது என்று கமென்ட்டில் சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!