அகதிச் சட்டம் மேற்படிப்பு: இலஞ்சியிலிருந்து எப்படித் தொடங்குவது?

இலஞ்சி, தென்காசி, குற்றாலம் பக்கம் சட்டம் முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் சிவில், கிரிமினல், நீதிபதித் தேர்வு என்றுதான் பதில் வரும். குடிவரவுச் சட்டமும் அகதிச் சட்டமும் லண்டனில் இருப்பவர்களுக்கான படிப்பு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையின் முக்கியமான தீர்ப்புகள் பல, தமிழர்கள் தொடுத்த வழக்குகளில் பிறந்தவை. கடையநல்லூரை அடுத்த போகநல்லூரிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இந்த மக்களின் மொழி தெரிந்த வழக்கறிஞர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும். வர நினைப்பவர்களுக்கான வழி இது.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நீதிமன்றத்தில் வாதாடவா, கல்லூரியில் பாடம் நடத்தவா, தொண்டு நிறுவனத்திலோ ஐ.நா. அகதிகள் ஆணையத்திலோ வேலை பார்க்கவா? மூன்றுக்கும் படிப்பு ஒன்றல்ல. பிரிட்டனில் எல்.எல்.எம். முடித்தால் அங்கே குடிவரவு ஆலோசனை சொல்லலாம் என்று பலர் நம்பிப் போகிறார்கள். பட்டம் மட்டும் அந்த உரிமையைத் தராது. அங்கே சொலிசிட்டராகவோ பாரிஸ்டராகவோ தகுதி பெற வேண்டும். இல்லாவிட்டால் குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிவு பெற வேண்டும். கனடாவிலும் குடிவரவு ஆலோசகர்களுக்கென்று தனி உரிமம் உண்டு. லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. இந்தியச் சட்டத்தில் கால் ஊன்றுங்கள்

1951 அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் நான்கு இடங்களில் தேட வேண்டும்.

• அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகள். இவை குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சக்மா அகதிகள் தொடர்பான 1996 வழக்கில் உச்ச நீதிமன்றம் 21ஆம் பிரிவின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்றது.

• 1955 குடியுரிமைச் சட்டம், குறிப்பாக 2003, 2019 திருத்தங்கள்.

• 2025 குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம். 1946 வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களிக்கும் ஆணையையும் சேர்த்துப் படியுங்கள்.

• 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக இந்த ஒப்பந்தம் சொன்னது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் போயிருக்கிறார்கள். இது நம் வீட்டு வரலாறும்தான்.

3. ஒரு வழக்கை எடுத்துக் குடையுங்கள்

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தார். 2022 ஆகஸ்டில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. காரணம் எளியது: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. பிறந்த நாளும் பிறந்த இடமும்தான் வழக்கு. பிறப்புச் சான்றிதழ்தான் உயிர்.

இப்போது நீங்களே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். அதே முகாமில் 1988இல் ஒரு தம்பி பிறந்திருந்தால்? பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2005இல் பிறந்த தங்கை என்றால்? இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். ஒரே குடிசை, ஒரே தாய், மூன்று விதமான சட்ட நிலை. இப்படி ஒவ்வொரு தீர்ப்பையும் தேதி, ஆவணம், கேள்வி, விடை என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். எல்.எல்.எம். வகுப்பில் கேட்கப்போவது இந்தப் பயிற்சியைத்தான்.

4. கடல் கடந்த தீர்ப்புகளைப் படியுங்கள்

முதலில் 1951 உடன்படிக்கையின் 1ஏ(2), 33 ஆகிய இரண்டு உறுப்புகளும் மனப்பாடமாக வேண்டும். முன்னது அகதி யார் என்கிறது. பின்னது, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பாதே என்கிறது. பிறகு மூன்று வழக்குகள்:

• சிவகுமாரன், பிரிட்டன் பிரபுக்கள் சபை, 1987 டிசம்பர். பயப்படுகிறேன் என்று சொன்னால் போதாது. அஞ்சும் துன்புறுத்தல் நடக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்று புறச்சான்றுகளை வைத்துப் பார்க்க வேண்டும்.

• வில்வராஜா, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 1991. திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களின் வழக்கு. பிரிட்டன் உரிமை மீறல் எதுவும் செய்யவில்லை என்று தீர்ப்பானது. தோற்ற வழக்கையும் கவனமாகப் படிக்க வேண்டும்.

• சுரேஷ், கனடா உச்ச நீதிமன்றம், 2002. சித்திரவதை நடக்கும் இடத்துக்கு நாடு கடத்துவது பொதுவாக அரசியலமைப்புக்கு முரண் என்றது.

புத்தகம் என்றால் பி.எஸ். சிம்னி தொகுத்த அகதிச் சட்ட வாசகத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். தெற்காசியாவிலிருந்து இந்தச் சட்டத்தைப் பார்க்கும் கண் அதில் இருக்கிறது.

5. எங்கே சேர்வது?

பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு எல்.எல்.எம். படிக்க முதுநிலை கிளாட் தேர்வு எழுத வேண்டும். தேர்வு வழக்கமாக டிசம்பரில் நடக்கும். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இதில் சேரும். சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். இரண்டு ஆண்டு; சர்வதேசச் சட்டம், மனித உரிமை ஆகிய பிரிவுகளைப் பாருங்கள். இந்தியாவில் அகதிச் சட்டம் பெரும்பாலும் ஒரு தாளாகத்தான் இருக்கும். சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, அந்தத் தாள் இருக்கிறதா, இந்த ஆண்டு நடத்துகிறார்களா என்று கேளுங்கள்.

வெளிநாடு என்றால், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் குடிவரவுச் சட்டத்துக்கென்றே எல்.எல்.எம். இருக்கிறது. ஆக்ஸ்போர்டு அகதிகள் ஆய்வு மையத்தில் ஒன்பது மாத முதுநிலைப் படிப்பு உண்டு. வேலையை விட முடியாதவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பை விசாரிக்கலாம்.

பணத்துக்குச் செவனிங், காமன்வெல்த் உதவித்தொகைகள் உண்டு. செவனிங்குக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். பட்டியலினத்தவருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. விண்ணப்பக் கெடுவிலிருந்து ஓராண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு ஐ.இ.எல்.டி.எஸ்., பரிந்துரைக் கடிதம், வேலைச் சான்று ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள்.

6. ஆய்வேட்டுக்கு அருகில் உள்ளதை எடுங்கள்

முகாமில் பிறந்தவர்களின் குடியுரிமை, மலையக வம்சாவளியினர் பதிவின் மூலம் குடியுரிமை பெறும் உரிமை, முகாம் குழந்தைகளின் உயர்கல்வி என்று தலைப்புகள் காத்திருக்கின்றன. முகாமுக்குள் ஆய்வுக்குப் போக அரசு அனுமதி தேவை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பேட்டி கொடுப்பவரிடம் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பெயரையும் பதிவு எண்ணையும் அச்சில் ஏற்றாதீர்கள். உங்களுக்கு அது ஓர் அத்தியாயம், அவருக்கு வாழ்க்கை.

அகதி தமிழில் சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல், ஆங்கிலத்தில் வாக்குமூலமாக எழுதவும் பழகுங்கள். யாழ்ப்பாணத் தமிழும் மலையகத் தமிழும் காதில் ஏற வேண்டும். ஒரு தேதி மாறினால் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று மனு தள்ளுபடியாகலாம்.

1983 முதல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் முகாம்களில் வளர்கிறார்கள். அவர்களுக்காக மதுரைக் கிளையில் எழுந்து நிற்க, சட்டமும் தமிழும் ஒருசேரத் தெரிந்த வழக்கறிஞர்கள் தேவை. சட்டம் படித்த இலஞ்சிப் பிள்ளைகளே, இந்தத் துறைக்கு வாருங்கள்.