அரபுத்தமிழ் ஏடுகளும் நம் கடமையும்

ரெங்கத்து வணிகப் பெருமக்களே! அரபு எழுத்தில் எழுதிய தமிழை அரபுத்தமிழ் என்கிறோம். நம் பாட்டன்மார் வைத்தியக் குறிப்பு, முனாஜாத்து, மஸ்அலா, கடிதம் யாவும் அதில் எழுதி வைத்தனர். செல்லரித்த குர்ஆன் தாளை மிதிபடாமல் புதைப்பதும் ஓடும் நீரில் விடுவதும் நம் வழக்கம். அந்த அதபு வேண்டியதே. ஆயினும் அரபு எழுத்தைக் கண்ட மாத்திரத்தில், படித்துப் பாராமலே பாட்டனார் ஏட்டையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். மரியாதையாலேயே அழிந்தவை எத்தனையோ!

அச்சு நூல்கள் பிழைத்த விதத்தைப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா கைப்பணம் செலவிட்டுப் பழந்தமிழ் நூல்களைச் சேர்த்தார். அவர் 1992ல் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கிற்று; ஆனால் கடல் கடத்தாமல், 1994ல் சென்னையிலேயே நூலகமாக்கிற்று. அச்சு நூலுக்கு வேறு பிரதி எங்கேனும் அகப்படலாம். கையெழுத்து ஏட்டுக்கு அது ஏது?

ஆகவே பெட்டியிலுள்ளதை முதலில் ஓர் ஆலிமிடம் காட்டிப் பிரித்தறிவோம். இன்னாருடையது, இன்ன ஊரில் எழுதியது என்று தனித்தாளில் குறிப்போம். வந்த வழி தெரியாத ஏட்டை வாங்க நூலகத்தார் தயங்குவர். கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டல் ஆகாது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை உண்டு. நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூர் தேசிய நூலகம் உண்டு. ஏட்டைப் பிரிய மனமில்லாதோர், படமெடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.