இரு கம்பிகளில் ஒரு நீச்சல் குளம்

அமெரிக்காவில் வீட்டுப் புழக்கடையிலேயே நீச்சல் குளம் வைத்திருப்போர் பலர். நீரைச் சுழற்ற ஒரு பம்பு, சூடாக்க ஒரு கருவி, உப்பு நீரிலிருந்து குளோரினைப் பிரிக்க மற்றொரு கருவி, விளக்குகள் என்று பல சாதனங்கள் குளத்தோடு சேர்ந்தவை. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கம்பிகள் இழுப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே சோடிக் கம்பியில் இணைப்பது எளிதன்றோ? இவ்வாறான பொதுப்பாதைக்கு ‘பஸ்’ என்று பெயர். நாம் ஏறிச் செல்லும் பஸ்ஸும் இதுவும் ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை; ‘எல்லோருக்கும்’ என்பது அதன் பொருள்.

இதற்குப் பெரும்பாலும் கையாளப்படுவது 1983இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 485 என்னும் முறை. குளத்தருகே பம்பு மோட்டார் ஓடும்போது, பக்கத்திலுள்ள கம்பிகளில் வேண்டாத மின்னழுத்தம் தூண்டப்படும். செய்தி கெடாதிருப்பது எவ்வாறு?

‘1’ என்று அறிவிக்க ஒரு கம்பியில் 3.5 வோல்ட்டும், மற்றதில் 1.5 வோல்ட்டும் தரப்படுவதாகக் கொள்வோம். ‘0’ என்றால் இவை இடம் மாறும். பெறும் கருவி இவற்றின் வேறுபாட்டை மட்டுமே கவனிக்கிறது. மோட்டாரால் 4 வோல்ட் ஏறினால் அவை 7.5, 5.5 ஆகும், வேறுபாடோ அதே 2 வோல்ட்! கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்குவதன் காரணமும் இதுவே: தூண்டல் இரண்டிலும் சமமாக விழ வேண்டும். வேறுபாடு 0.2 வோல்ட்டாகக் குறைந்தாலும் செய்தி புரியும்.

கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வைப்பார்கள். இல்லையேல் சைகை முனையில் மோதி, கிணற்றுச் சுவரில் பட்ட ஒலிபோல் எதிரொலிக்கும். ஆனால் இக்கருவிகள் பலவற்றில் வேகம் நொடிக்கு 9600 பிட். ஒரு பிட்டின் காலம் சுமார் 104 மைக்ரோ நொடி. 30 மீட்டர்க் கம்பியைச் சைகை கடக்க 0.15 மைக்ரோ நொடியே போதும். பிட் முடிவதற்குள் எதிரொலி அடங்கிவிடும். எனவே சிறிய குளத்தில் மின்தடை இல்லாமலும் பெரும்பாலும் வேலை நடக்கும்.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினால் குழப்பம். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. பெட்டி எண்ணைச் சொல்லி அழைத்தால் அதற்குரியது மட்டும் விடையளிக்கும். செய்தியின் இறுதியில் அதன் பைட்டுகளின் கூட்டுத்தொகையும் வரும். தொகை பொருந்தாவிடில் செய்தி தள்ளப்படும்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும். தேவைப்படும் திறனோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே. அதே அளவு நீரைச் சுழற்ற இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மின்செலவு நாலில் ஒரு பங்குதான். குறைந்த வேகத்தில் ஓடச் சொல்லி ஆணையிடுவது இந்த இரு கம்பிகளே.

கம்பி அறுந்தால்? பம்பு நின்றது தெரியாமல் சூடேற்றி எரிந்தால் அதன் குழாய்கள் கெடும். குளோரின் கருவியில் மின்பகுப்பால் ஹைட்ரஜனும் உண்டாகிறது. நீர் ஓடாவிடில் அது குழாயில் தேங்கி வெடிக்கவும் கூடும். எனவே நீரோட்டம் நின்றதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு அக்கருவிகளிலேயே நேரடியாகப் பொருத்தப்படுகிறது. பஸ்ஸில் எந்தச் செய்தி வந்தாலும் அதை மீற முடியாது.